எதையும் இணைக்காமலே திரையில் அலை ஓடுகிறதே: அலைபேசி ஆசிலாஸ்கோப் பலகையை எவ்வளவு நம்பலாம்?

நீங்கள் கேட்டது இது: ராஸ்பெர்ரி பை பிக்கோ பலகையில் ஸ்கோப்பி என்ற ஆசிலாஸ்கோப் செயலிக்குரிய ஃபர்ம்வேரை (பலகையை இயக்கும் நிரலை) ஏற்றி, ஓடிஜி கேபிள் (அலைபேசியில் வெளிக்கருவிகளைச் செருக உதவும் கேபிள்) வழியாக ஆண்ட்ராய்டு அலைபேசியோடு இணைத்திருக்கிறீர்கள், உள்ளீட்டுக் கம்பி எதையும் தொடாமல் மேசை மேல் கிடக்கும்போதே திரையில் ஒரு அலை ஓடுகிறது, பலகை பழுதா, இதைச் சரியாக அமைப்பது எப்படி, பழுதான ஒரு சுவிட்ச் மோட் பவர் சப்ளையை (சுவர் மின்சாரத்தைக் குறைந்த அழுத்த நேர்மின்சாரமாக மாற்றும் கருவியை) இதை வைத்து ஆராயலாமா? கேள்விகள் மூன்றாகத் தெரிந்தாலும் அவற்றுக்கு அடியில் இருப்பது ஒன்றுதான்: இந்தத் திரை காட்டுவதை எந்த இடத்தில் நம்பலாம், எந்த இடத்தில் நம்பக் கூடாது? நான் பல ஆண்டுகளாக மின்னணுச் சுற்றுகளைப் பழுது பார்த்தும், புதிதாக வருபவர்களுக்கு, மின்னழுத்தம் நேரத்தோடு மாறுவதை அலையாக வரையும் ஆசிலாஸ்கோப்பைக் கையாளக் கற்றுக்கொடுத்தும் வருகிறேன். அந்தப் பழக்கத்தை வைத்து, உறுதியானதையும் ஐயத்துக்கு இடமுள்ளதையும் பிரித்தே எழுதுகிறேன். உங்கள் பலகையை நான் கண்ணால் பார்க்கவில்லை. ஆகவே அதன் உடல்நிலை பற்றி நான் சொல்வது ஊகம்தான். அந்த ஊகத்தை நீங்களே உறுதிப்படுத்திக்கொள்ளும் வழியையும் சேர்த்தே சொல்கிறேன்.

பவர் சப்ளை பற்றிய கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மற்ற தவறுகளில் போவது பலகை, இதில் போவது உயிர். சுவர் மின்சாரத்தோடு நேரடித் தொடர்பில் இருக்கும் எந்தப் பகுதியிலும், அதாவது சப்ளையின் முதன்மைப் பக்கத்தில், இந்தப் பலகையை இணைக்காதீர்கள். 230 வோல்ட் மின்சாரத்தின் உச்ச மதிப்பு 325 வோல்ட். அதை நேர்மின்சாரமாக்கிச் சேமித்து வைக்கும் பெரிய மின்தேக்கியில், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த மின்னழுத்தம் தங்கியிருக்கக் கூடும். அலைபேசி பேட்டரியில் ஓடுகிறது, நிலத்தோடு அதற்குத் தொடர்பில்லை, ஆகவே ஆபத்தில்லை என்று சிலர் வாதிடுவதுண்டு. அந்த வாதம்தான் ஆபத்தானது. நிலத்தொடர்பு இல்லாத கருவி, தன் கிரவுண்ட் கம்பி (அளவீட்டில் 0 வோல்ட்டாகக் கொள்ளும் கம்பி) எந்த மின்னழுத்தத்தைத் தொடுகிறதோ அந்த மின்னழுத்தத்துக்கே முழுதாக உயர்ந்துவிடும். பலகையின் யூஎஸ்பி உறை, கேபிளின் உறை, அலைபேசியின் உலோகச் சட்டம் எல்லாம் அந்த நிலைக்குப் போகும். அதை நீங்கள் கையில் பிடித்துக்கொண்டிருப்பீர்கள். மின்தடைகளால் மின்னழுத்தத்தைக் குறைத்துக்கொள்கிறேன் என்பதும் உதவாது, ஏனென்றால் குறைப்பது சிக்னல் கம்பியில் வருவதை மட்டுமே. கிரவுண்ட் கம்பியில் எந்தத் தடையும் இல்லை. பிக்கோ டபிள்யூ பலகையை வைஃபை வழியாக இணைத்தால் அலைபேசி தப்பும், ஆனால் பலகை அப்படியே மின்னேறி நிற்கும். அந்தப் பக்கத்தை அளக்க அதற்கென்று தரச்சான்று பெற்ற டிஃபரென்ஷியல் புரோபும் (இரு புள்ளிகளுக்கு இடையிலான மின்னழுத்த வேறுபாட்டை மட்டும் எடுத்துத் தரும் அளவுக் கம்பி) அதைக் கையாளும் பயிற்சியும் வேண்டும். சப்ளையின் வெளியீட்டுப் பக்கத்தில் இந்தப் பலகைக்குச் சிறிது வேலை உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இனி அந்த ஆளில்லா அலை. திரையில் ஓரலையின் நீளத்தை அளந்து பாருங்கள். அது 20 மில்லிவிநாடி இருந்தால், அல்லது 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடத்தில் 16.7 மில்லிவிநாடி இருந்தால், நீங்கள் பார்ப்பது சுவருக்குள் ஓடும் மின்கம்பிகளின் மின்புலத்தை. எதிலும் இணையாத உள்ளீடு மிக உயர்ந்த மின்தடை கொண்டது. அதில் தொங்கும் கம்பி ஒரு சிறிய ஆண்டெனாவைப் போல வேலை செய்து, காற்று வழியே வரும் மிக நுண்ணிய மின்னோட்டத்தைக்கூட வோல்ட் கணக்கில் காட்டிவிடும். பிக்கோவின் உள்ளீடு 0 வோல்ட்டுக்குக் கீழே பார்க்க முடியாது என்பதால், அந்த அலையின் அடிப்பகுதி கத்தரித்தது போலத் தட்டையாக இருப்பதும் வழக்கம். கம்பியின் காப்புறை மேல் விரலை வைத்தால் அலை பெருக வேண்டும். பிறகு ஒரு குட்டைக் கம்பியால் உள்ளீட்டைக் கிரவுண்டோடு இணையுங்கள். திரையில் அடியோரமாக ஒரு நேர்கோடு வர வேண்டும். அடுத்து ஒரு 1 கிலோ ஓம் மின்தடை வழியாக உள்ளீட்டைப் பலகையின் 3.3 வோல்ட் பின்னோடு (பலகையின் ஓரத்தில் உள்ள இணைப்பு முனையோடு) இணையுங்கள். கோடு உச்சிக்குப் போக வேண்டும். இவை நடந்தால் உள்ளீடு உயிரோடு இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம். பாதிப்பு பகுதியளவில் இருக்கிறதா என்பது இந்தச் சோதனையில் தெரியாது. அதற்கு, ஒரே 100 கிலோ ஓம் மின்தடை வழியாக 3.3 வோல்ட்டை முதல் சேனலுக்கும் பிறகு இரண்டாம் சேனலுக்கும் கொடுத்து ஒப்பிடுங்கள். இரண்டிலும் காட்டும் அளவு 3.3 வோல்ட்டைவிடக் குறைந்திருப்பது இயல்பே. ஒன்று மற்றதைவிட வெகுவாகக் குறைந்திருந்தால், அந்தப் பின் எப்போதோ அடி வாங்கியிருக்கிறது என்று நான் சந்தேகிப்பேன். இன்னொன்று: இரண்டாம் சேனலை எதிலும் இணைக்காமல் விட்டால், முதல் சேனலின் அலை அதில் மங்கலாக எதிரொலிக்கும். சில்லுக்குள் இருப்பது ஒரே ஏடிசிதான், அதாவது மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி. அது இரண்டு பின்களுக்கும் மாறி மாறிச் செல்லும்போது முந்தையதன் மிச்சம் ஒட்டிக்கொண்டு வருகிறது. அதுவும் பழுதன்று.

அமைக்கும் முறை நீளமானதன்று. பூட்செல் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி பலகையைக் கணினியில் செருகினால் அது ஒரு பென்டிரைவைப் போலத் தெரியும். யூஎஃப்2 கோப்பை அதில் நகலெடுத்தவுடன் அது தானே மறைந்து, புதிய ஃபர்ம்வேரோடு எழும். பிறகு ஓடிஜி இணைப்பான் அலைபேசியின் பக்கத்தில் இருக்கும்படி கேபிளைச் செருகி, செயலி கேட்கும் யூஎஸ்பி அனுமதியைக் கொடுங்கள். இந்தக் கட்டத்தில் இணைப்பு கிடைக்கவில்லை என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது கேபிளைப் பற்றித்தான். சார்ஜ் ஏற்ற மட்டுமே பயன்படும், தரவுக் கம்பிகளே இல்லாத கேபிள்கள் ஏராளம். சில அலைபேசிகளில் ஓடிஜி வசதியை அமைப்புகளில் போய் இயக்க வேண்டும். சிறிது நேரம் பயன்படுத்தாவிட்டால் அது தானாக அணைந்தும் விடும். ஜிபிஐஓ என்பது பலகையின் உள்ளீட்டு, வெளியீட்டுப் பின்களின் பெயர்; முதல் சேனல் ஜிபிஐஓ 26, இரண்டாம் சேனல் ஜிபிஐஓ 27. பலகையின் ஓரத்தில் எண்ணினால் இவை 31, 32ஆம் பின்கள். அவற்றை அடுத்துள்ள 33ஆம் பின் அனலாக் பகுதிக்கான கிரவுண்ட். உங்கள் கிரவுண்ட் கம்பியை அங்கேயே இணைப்பது நல்லது.

இணைந்தவுடன் எல்லோரும் செய்வது ஜிபிஐஓ 22 தரும் 1 கிலோஹெர்ட்ஸ் சோதனைச் சதுர அலையைப் பார்ப்பது. நீங்களும் செய்யுங்கள், 1 மில்லிவிநாடிக்கு ஒரு அலை, உயரம் 3.3 வோல்ட் என்று அழகாக வரும். ஆனால் அது எதை நிரூபிக்கிறது என்பதில் கவனம் வேண்டும். அந்தச் சதுர அலையை உண்டாக்குவதும், அதை மாதிரி எடுக்கும் (அதாவது குறித்த இடைவெளிகளில் மின்னழுத்தத்தை அளந்து குறிக்கும்) ஏடிசியை ஓட்டுவதும் பலகையில் உள்ள ஒரே 12 மெகாஹெர்ட்ஸ் படிகம். அலையின் உயரத்தைத் தருவதும், ஏடிசி தன் அளவுகோலாக வைத்திருப்பதும் ஒரே 3.3 வோல்ட் இணைப்பு. படிகம் பிசகினாலும், 3.3 என்பது 3.2 ஆகவே இருந்தாலும், இரண்டும் சேர்ந்தே நகரும். திரையில் ஒன்றும் தெரியாது. தன்னைப் பற்றித் தானே சொல்லும் சாட்சி அது. கம்பிகள் சரியாக இணைந்துள்ளன, செயலி ஓடுகிறது என்பதற்கு மட்டுமே அதை ஏற்கலாம். அளவைச் சரிபார்க்க வெளியிலிருந்து ஒரு சாட்சி வேண்டும். ஒரு 1.5 வோல்ட் பேட்டரியை மல்டிமீட்டரால் அளந்துவிட்டு அதையே திரையிலும் பாருங்கள், பலகையின் 3.3 வோல்ட் பின்னையும் மல்டிமீட்டரால் அளந்து, செயலியில் முழு அளவு கேட்கும் இடத்தில் அந்த உண்மையான எண்ணைக் கொடுங்கள். நேரத்துக்கு வேறொரு அலைபேசியின் ஒலிச் செயலி தரும் 1 கிலோஹெர்ட்ஸ் ஒலியைப் பயன்படுத்தலாம். இந்த இரண்டில், நேரத்தைக் காட்டும் கிடை அச்சை நான் பெரிதும் நம்புவேன், ஏனென்றால் படிகங்களின் பிழை பத்து லட்சத்தில் சில பத்துகள் என்ற அளவிலேயே இருக்கும். மின்னழுத்தத்தைக் காட்டும் செங்குத்து அச்சைச் சில விழுக்காடு பிழையோடுதான் படிப்பேன். ஏடிசி 12 பிட் என்று குறிப்பிடப்பட்டாலும், பிக்கோவில் உள்ள ஆர்பி2040 சில்லில் உண்மையாகப் பயன்படுவது 9 பிட்டுக்கும் சற்றுக் குறைவு. 8 பிட் என்று வைத்துக்கொண்டால், 3.3 வோல்ட்டில் ஒரு படி ஏறக்குறைய 13 மில்லிவோல்ட். அதற்குக் கீழே உள்ள எதையும் பற்றி இந்தத் திரையிடம் கேட்பதில் பயனில்லை.

பின்னில் நேரடியாகக் கொடுக்கக்கூடியது 0 முதல் 3.3 வோல்ட் வரை மட்டுமே. அனலாக் பின்களிலிருந்து 3.3 வோல்ட் இணைப்புக்கு உள்ளேயே ஒரு டயோடு இருக்கிறது. அதைவிட ஏறக்குறைய 0.3 வோல்ட் கூடினாலே மின்னோட்டம் அதன் வழியே பாயத் தொடங்கிவிடும். பலகைக்கு மின்சாரம் வராத நிலையில் சிக்னலைக் கொடுத்தாலும் இதே கதைதான். சிக்னல் பின்வாசல் வழியாகப் பலகைக்கே மின்சாரம் கொடுக்க முயலும். ஆகவே யூஎஸ்பியை முதலில் செருகுங்கள், சிக்னலைப் பிறகு இணையுங்கள். கழற்றும்போது சிக்னலை முதலில் கழற்றுங்கள். 5 வோல்ட் சுற்றுகளுக்கு மேலே 10 கிலோ ஓம், கீழே 15 கிலோ ஓம் என்று இரண்டு மின்தடைகளைத் தொடராக வைத்து, அவற்றின் நடுப்புள்ளியைப் பின்னோடு இணைத்து மின்னழுத்தத்தைக் குறைக்கும் பகுப்பான் போதும்; 5 வோல்ட் 3 வோல்ட்டாக வந்து சேரும். மேலே 100, கீழே 10 கிலோ ஓம் வைத்தால் பதினொன்றில் ஒரு பங்காகும். 24 வோல்ட் வெறும் 2.2 வோல்ட்டாகிவிடும். அதே விகிதத்தை 1 மெகா ஓமும் 100 கிலோ ஓமும் தரும், அளக்கப்படும் சுற்றை அது குறைவாகச் சுமையேற்றும் என்று தோன்றும். ஆனால் இந்தப் பலகைக்கு அது பொருந்தாது. முழு வேகத்தில் ஓடும்போது ஏடிசியின் உள்ளீடே 100 கிலோ ஓமைச் சற்றுத் தாண்டிய ஒரு மின்தடையைப் போலத்தான் நடந்துகொள்கிறது. ஆகவே பகுப்பானின் கணக்கு கெடுகிறது. கம்பியிலும் பின்னிலும் சேர்ந்து 20 பிக்கோஃபாரட் ஒட்டுக் கொள்ளளவு இருந்தாலே, அந்த உயர்ந்த மின்தடையோடு சேர்ந்து 90 கிலோஹெர்ட்ஸுக்கு அருகிலேயே அலை மங்கத் தொடங்கும். சிறிய மதிப்புகள் கொண்ட பகுப்பானில் அந்த எல்லை 800 கிலோஹெர்ட்ஸைத் தாண்டுகிறது.

எதிர்மறை மின்னழுத்தமும் வரும் சுற்றுகளுக்கு மூன்று மின்தடைகள் போதும். உள்ளீட்டிலிருந்து பின்னுக்கு 100 கிலோ ஓம், பின்னிலிருந்து 3.3 வோல்ட்டுக்கு 22 கிலோ ஓம். பின்னிலிருந்து கிரவுண்டுக்கு இன்னொரு 22 கிலோ ஓம். கணக்குப் போட்டால், உள்ளீட்டில் மைனஸ் 15 வோல்ட் இருக்கும்போது பின்னில் 0, உள்ளீட்டில் 0 இருக்கும்போது 1.49, பிளஸ் 15 இருக்கும்போது 2.97 வோல்ட் வரும். பின்னின் 0 என்பது மைனஸ் 15 என்றும், 3.3 என்பது பிளஸ் 18.3 என்றும் செயலியில் கொடுத்துவிட்டால் திரை உண்மையான வோல்ட்டைக் காட்டும். இதற்கு ஒரு விலை உண்டு: ஒரு படி இப்போது 130 மில்லிவோல்ட்டாகிவிட்டது.

பாதுகாப்புக்காக, பகுப்பான் இல்லாத நேரங்களில் சிக்னல் கம்பியில் தொடராக 10 கிலோ ஓமும், பின்னிலிருந்து 3.3 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் ஆளுக்கொரு ஷாட்கி டயோடும் (மின்னழுத்தம் எல்லை மீறினால் அதைத் திருப்பிவிடும் டயோடு) வையுங்கள். பிஏடி54எஸ் என்ற ஒரே சிறு உறையில் இரண்டும் கிடைக்கும். தவறுதலாக 12 வோல்ட்டைத் தொட்டாலும் 1 மில்லியாம்பியருக்குக் குறைவாகவே பாயும். கிரவுண்ட் கம்பியை எப்போதும் முதலில் இணையுங்கள். இது வெறும் சம்பிரதாயமன்று. நிலமுனை இல்லாத இரண்டு முள் அடாப்டர்களின் வெளியீடு, உள்ளே இருக்கும் சிறிய மின்தேக்கியின் காரணமாக, நிலத்தைப் பொறுத்து ஏறக்குறைய பாதி மின்வழங்கல் அழுத்தத்தில் மிதந்துகொண்டிருக்கும். அதிலிருந்து வரும் மின்னோட்டம் நமக்கு ஒரு கூச்சமாகத் தெரியும் அளவுதான். ஆனால் கிரவுண்டுக்கு முன் சிக்னல் முனை தொட்டால் அந்த மின்னோட்டம் முழுவதும் பலகையின் பின் வழியாகவே போகும். இதே காரணத்தால், அளக்கும்போது அலைபேசியைச் சார்ஜரில் வைக்காதீர்கள். அளவில் இரைச்சல் கூடுவதும் அப்போதுதான்.

இந்தப் பலகையின் உண்மையான எல்லை மாதிரி எடுக்கும் வேகத்தில் இருக்கிறது. பிழையான முடிவுகள் பிறப்பதும் அங்கேதான். ஏடிசி 48 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் ஒரு மாதிரிக்கு 96 துடிப்புகள் எடுத்துக்கொள்கிறது. ஆகவே விநாடிக்கு 5,00,000 மாதிரிகள், அதற்கு மேல் இல்லை. இரண்டு சேனல்களையும் திறந்தால் ஆளுக்கு 2,50,000. கோட்பாட்டின்படி மாதிரி வேகத்தில் பாதி, அதாவது 250 கிலோஹெர்ட்ஸ் வரை பார்க்கலாம் என்பார்கள். ஓரலைக்கு இரண்டு புள்ளிகளை வைத்து அதன் வடிவத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. அலையின் உருவம் தெரிய எனக்குக் குறைந்தது பத்துப் புள்ளிகள் வேண்டும். அப்படிப் பார்த்தால் நம்பத்தக்க எல்லை ஒரு சேனலில் 50 கிலோஹெர்ட்ஸ், இரு சேனல்களில் 25 கிலோஹெர்ட்ஸ்.

எல்லைக்கு அப்பால் உள்ளது திரையில் தெரியாமல் போய்விட்டால்கூடக் கவலையில்லை. அது வேறு வேடத்தில் வருகிறது என்பதுதான் சிக்கல். விநாடிக்கு 5,00,000 மாதிரிகள் எடுக்கும்போது 490 கிலோஹெர்ட்ஸ் அலை ஒன்று உள்ளே வந்தால், திரை அதை மாசுமறுவற்ற 10 கிலோஹெர்ட்ஸ் அலையாகக் காட்டும். சுழலும் சக்கரத்தின் ஆரங்கள் படக்காட்சியில் மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே நிகழ்வுதான். நான் ஒரு முறை சிறிய ஒலிப்பெருக்கி ஒன்றில் 3 கிலோஹெர்ட்ஸ் இரைச்சல் இருப்பதாக நம்பி, அரை நாள் முழுவதும் மின்தேக்கிகளை மாற்றிக்கொண்டிருந்தேன். காதுக்கு அந்த இரைச்சல் கேட்கவில்லை என்பதையே கவனிக்கவில்லை. உண்மையில் அது அருகில் இருந்த மின்மாற்றுச் சுற்றின் 503 கிலோஹெர்ட்ஸ் துடிப்பு. மாதிரி வேகம் 2,00,000 ஆகக் குறையும்படி நேர அளவை மாற்றியபோது, அந்த 3 கிலோஹெர்ட்ஸ் 97 கிலோஹெர்ட்ஸாகத் தாவியது, அப்போதுதான் புரிந்தது. உண்மையான அலையின் அதிர்வெண் நீங்கள் நேர அளவை மாற்றுவதால் மாறாது, போலி மாறும். இரண்டாம் சேனலைத் திறந்து வேகத்தைப் பாதியாக்கிப் பார்ப்பது மட்டும் போதாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் 500 என்பது 250-இன் மடங்கு. என் 503 கிலோஹெர்ட்ஸ் அந்தச் சோதனையில் 3 கிலோஹெர்ட்ஸாகவே நின்றிருக்கும். நேர அளவைப் பல படிகளில் மாற்றிப் பாருங்கள். மாறும்போது செயலி காட்டும் மாதிரி வேகத்தையும் கவனியுங்கள். மெதுவான நேர அளவுகளில் அந்த வேகமே குறைந்துவிடுவதால், பழக்கமான 20 கிலோஹெர்ட்ஸ் அலைகூடப் போலியாகத் தெரியக் கூடும்.

இதற்குத் தடுப்பாகப் பின்னுக்கு முன் 3.3 கிலோ ஓமும், பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 1 நானோஃபாரட் மின்தேக்கியும் வைத்தால், 48 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வருபவை படிப்படியாகக் குறையும். 500 கிலோஹெர்ட்ஸ் அளவில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். முழுதாக ஒழியாது, ஆனால் போலி அலை உங்களை அரை நாள் ஏமாற்றும் அளவுக்கு உயரமாக இருக்காது. பகுப்பானோடு சேர்த்து வைத்தால் பகுப்பானின் மின்தடையும் கணக்கில் சேரும் என்பதால், மின்தேக்கியின் மதிப்பை அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அலை நிற்காமல் ஓடுவது பற்றி ஒரு சொல். டிரிகர் என்பது, மின்னழுத்தம் குறித்த ஓர் அளவைக் குறித்த திசையில் கடக்கும் கணத்திலிருந்து வரையத் தொடங்கு என்ற கட்டளை. ஆட்டோ நிலையில் அந்தக் கணம் வராவிட்டாலும் செயலி எதையாவது வரைந்துகொண்டே இருக்கும். உங்கள் திரையில் அலை ஓடியதற்கு அதுவும் ஒரு காரணம். நார்மல் நிலையில் கணம் வந்தால்தான் வரையும். சிங்கிள் நிலையில் ஒரே முறை பிடித்து நிறுத்திவிடும். டிரிகர் அளவை அலையின் நடு உயரத்தில் வைத்தால் பெரும்பாலும் அலை நின்றுவிடும். வேகமான நேர அளவுகளில் பலகை ஒரு துண்டு மாதிரிகளைச் சேர்த்து அனுப்பி, செயலி அதை வரைந்த பிறகே அடுத்த துண்டுக்குப் போகிறது. இடையில் நடப்பது பதிவாவதில்லை. எனவே எப்போதாவது ஒரு முறை வரும் கோளாற்றைப் பிடிக்க ஆட்டோ நிலையில் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பதை விட, சிங்கிள் நிலையில் காத்திருப்பதே சரி.

எல்லைகளைப் பற்றியே பேசியதால் இது பயனற்ற பொருள் என்று எண்ணிவிடாதீர்கள். கற்பவர் ஒருவருக்கு இதைவிட நல்ல தொடக்கத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆர்டுயினோ யூனோவின் 9ஆம் பின் தரும் 490 ஹெர்ட்ஸ் பிடபிள்யூஎம் (துடிப்பின் அகலத்தை மாற்றும்) அலையில் ஓரலைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் கிடைக்கும். அகலம் கூடுவதும் குறைவதும் அச்சுப் போலத் தெரியும். சர்வோ மோட்டாருக்குப் போகும் 1 முதல் 2 மில்லிவிநாடித் துடிப்பை அளந்தால், மோட்டார் நடுங்குவது நிரலாலா மின்வழங்கலாலா என்று பிரித்துவிடலாம். விநாடிக்கு 9600 பிட் வேகத்தில் போகும் சீரியல் தரவில் ஒரு பிட் 104 மைக்ரோவிநாடி, அதாவது 52 புள்ளிகள். எழுத்தை எழுத்தாகவே திரையில் படிக்கலாம். 1,15,200 வேகத்தில் ஒரு பிட்டுக்கு நான்கு புள்ளிகளே வரும். தரவு ஓடுகிறது என்று அறியலாம், அதன் ஓரங்களைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. 400 கிலோஹெர்ட்ஸ் ஐஸ்கொயர்சி இணைப்பை (சில்லுகள் ஒன்றோடொன்று பேசும் இணைப்பை) இதில் பார்க்கவே வேண்டாம். சிங்கிள் நிலையில் ஒரு பொத்தானை அழுத்தி, அதன் உலோக முனைகள் சில மில்லிவிநாடிகளுக்குத் துள்ளித் துள்ளி அமைவதைப் பாருங்கள். ஒரு முறை அழுத்தினால் நிரல் ஏன் நான்கு முறை எண்ணுகிறது என்ற கேள்விக்கு அந்த ஒரு படம் போதும். 10 கிலோ ஓம் வழியாக 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை மின்னேற்றினால், சரியாக 1 விநாடியில் அது 63 விழுக்காட்டைத் தொட வேண்டும். வாய்ப்பாட்டில் படித்தது கண்முன் வளைந்து ஏறுவதைப் பார்க்கும் மகிழ்ச்சி எனக்கு இன்றும் குறையவில்லை. தொடவில்லை என்றால் பெரும்பாலும் பலகையைக் குறை சொல்ல வேண்டியதில்லை. மின்பகு மின்தேக்கிகளின் மதிப்பு 20 விழுக்காடு வரை விலகியிருப்பது இயல்பு.

இப்போது பவர் சப்ளையின் வெளியீட்டுப் பக்கம். முதன்மைப் பக்கத்திலிருந்து மின்மாற்றியால் பிரிக்கப்பட்ட, 12 அல்லது 24 வோல்ட் போன்ற குறைந்த வெளியீட்டை மட்டுமே பேசுகிறேன். மின்மாற்றி இல்லாமல் சுவர் மின்சாரத்தை நேரடியாகக் குறைக்கும் மலிவான விளக்குச் சுற்றுகளுக்கு இது பொருந்தாது; அவற்றில் பாதுகாப்பான பக்கம் என்று ஒன்று கிடையாது. மூடி திறந்த சப்ளையில் புரோபை நுழைக்காமல், அதன் வெளியீட்டுக் கம்பிகளிலேயே அளவெடுங்கள். 100க்கு 10 பகுப்பான் வழியாக, மெதுவான நேர அளவில் வைத்துச் சப்ளையை இயக்குங்கள். வெளியீடு எழுந்து விழுந்து மீண்டும் எழுந்துகொண்டிருந்தால், சப்ளை சுமையையோ உள்ளே ஒரு குறுக்குச் சுற்றையோ உணர்ந்து தன்னைத் தானே நிறுத்திக்கொள்கிறது. இதை மல்டிமீட்டர் ஏதோ ஓர் அலையும் எண்ணாகத்தான் காட்டும், இந்தப் பலகை தெளிவாகக் காட்டும். வெளியீட்டின் மேல் ஏறியிருக்கும் சிற்றலையைப் பார்ப்பது வேறு வேலை. அந்தப் பகுப்பானோடு ஒரு படி 140 மில்லிவோல்ட் ஆகிவிடுவதால் 50 மில்லிவோல்ட் சிற்றலை கண்ணுக்கே படாது. பகுப்பானுக்குப் பதில் 10 கிலோ ஓமும் 1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் தொடராக வைத்து, பின்னை 3.3 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் ஆளுக்கொரு 100 கிலோ ஓமால் நடுவில் நிறுத்தினால், நேர்மின்சாரம் தடுக்கப்பட்டு 3 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அசைவு மட்டும் வரும். மேலே சொன்ன ஷாட்கி டயோடுகள் இங்கே கட்டாயம், ஏனென்றால் 12 வோல்ட்டை இணைக்கும் கணத்தில் மின்தேக்கி அந்தத் துள்ளலை அப்படியே கடத்தும். அணைக்கும்போது அதே அளவு எதிர்த்திசையில் இழுக்கும். இவ்வளவும் செய்தால் 100 ஹெர்ட்ஸ் சிற்றலையை நன்றாகவே அளக்கலாம். 65 கிலோஹெர்ட்ஸ் அளவில் வரும் சுவிட்சிங் சிற்றலைக்கு ஓரலையில் ஏழெட்டுப் புள்ளிகளே கிடைக்கும். அது பல நூறு மில்லிவோல்ட்டுக்கு வீங்கி, வெளியீட்டு மின்தேக்கி உலர்ந்துவிட்டதோ என்று சந்தேகிக்க வைக்கும் அளவை எட்டினால் தெரியும், அதன் உண்மையான உயரமும் கூர்முனைகளும் தெரியாது. அந்த அளவீட்டுக்கு 20 மெகாஹெர்ட்ஸ் பேண்ட்வித் (பார்க்கக்கூடிய அதிர்வெண் எல்லை) உள்ள கருவி ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்குவதே நேர்மையான வழி.

உள்ளீட்டைக் கிரவுண்டோடு இணைத்த பிறகும் உங்கள் திரையில் கோடு நேராகவில்லை என்றால், என் ஊகம் தவறு. அப்போது மூன்று விவரங்களைச் சொல்லுங்கள்: ஓரலையின் நீளம் எத்தனை மில்லிவிநாடி, நேர அளவை மாற்றும்போது அந்த நீளம் மாறுகிறதா, அலைபேசி அப்போது சார்ஜரில் இருந்ததா. முடிந்தால் 3.3 வோல்ட் பின்னில் மல்டிமீட்டர் காட்டும் எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள்.